அலங் சந்தையின் பழைய ஸ்டீரிங் கார்டுகள்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கப்பலின் ஸ்டீரிங் கியரில் (சுக்கானைத் திருப்பும் இயந்திரத்தில்) ஒரு கண்ட்ரோல் கார்டு, அதாவது அதை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை, போய்விட்டால் மூன்று வழிகள் உண்டு. தயாரித்த நிறுவனத்திடம் புதுக் கார்டு கேட்கலாம். பழுதான கார்டையே கரையில் ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யலாம். இல்லையென்றால் குஜராத்தின் அலங், பாவ்நகர் பக்கம் கப்பல் உடைப்புத் தளங்களிலிருந்து எடுத்து விற்கப்படும் பழைய கார்டை வாங்கலாம். இந்த மதிப்புரை மூன்றாவது வழியைப் பற்றியது. சுருக்கமான தீர்ப்பு இதுதான்: ரிலே கார்டு, சாலினாய்டு (வால்வை இழுக்கும் மின்காந்தக் காயில்) டிரைவர் கார்டு, பவர் சப்ளை கார்டு ஆகியவற்றைச் சோதித்து வாங்கலாம். அனலாக் ஆம்ப்ளிஃபயர் கார்டை இன்னும் கவனமாகச் சோதித்து வாங்கலாம். ப்ரோகிராம் உள்ள சிபியு கார்டை, சாஃப்ட்வேர் பதிப்பு ஒத்துப்போகிறது என்று உறுதிப்படுத்தாமல் வாங்கக்கூடாது. சுக்கான் எங்கே நிற்கிறது என்று கார்டுக்கு வோல்ட்டில் சொல்லும் ஃபீட்பேக் பொட்டென்ஷியோமீட்டரைப் பழையதாக எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

இப்படி ஒரு சந்தை இருப்பதற்கே காரணம் வயதுதான். ஒரு கப்பல் இருபத்தைந்து ஆண்டு ஓடுகிறது. அதிலுள்ள எலக்ட்ரானிக் பாகங்களை அதற்குப் பாதிக் காலத்திலேயே தயாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கன்சோலையே மாற்றலாம் என்றால் வரைபடத்துக்கு கிளாஸ் (கப்பலுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) ஒப்புதல், புதுக் கேபிள், கடல் சோதனை என்று வேலை நீளும். அதே காலத்தில் கட்டிய சகோதரிக் கப்பல்கள் அலங்கில் உடைபடும்போது அதே மாடல் கார்டுகள் வெளியே வருகின்றன.

இந்தக் கார்டுகளுக்குச் சாதகமான ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அலங்குக்கு வரும் கப்பல்களில் பெரும்பாலானவை சொந்த இன்ஜினில் ஓடி, பெரிய ஏற்றத்தின்போது கரையில் ஏற்றப்படுபவை. கடைசி நிமிடம் வரை சுக்கான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். சரக்குக் கருவிகளோ, ஏசியோ, ஏன் சில ஜெனரேட்டர்களோ செத்த நிலையில் அந்தக் கப்பல் வந்திருக்கலாம். ஸ்டீரிங் கார்டு உயிரோடு வந்திருக்கிறது என்று நம்ப நியாயம் உண்டு. இழுத்துவரப்பட்ட கப்பலுக்கு இது பொருந்தாது. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கப்பல் தானாக ஓடி வந்ததா, டக் (இழுவைப் படகு) இழுத்து வந்ததா என்பது.

கெடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கரண்ட் நின்றபின் பிரிட்ஜும் (கப்பலை ஓட்டும் அறை) ஸ்டீரிங் ஃப்ளாட்டும் (சுக்கான் இயந்திரம் இருக்கும் அறை) மாதக்கணக்கில் காற்றோட்டமில்லாமல் கிடக்கின்றன. பருவமழைக்காலத்தில் எட்ஜ் கனெக்டரின் தங்கப்பூச்சு விரல்களில் உப்பும் ஈரமும் படிகின்றன. கன்சோலை கேஸ் கட்டரால் அறுத்து, வயரை வெட்டி, கார்டை ராக்கிலிருந்து (கார்டுகளைச் செருகும் சட்டம்) பிடுங்கும்போது சோல்டர் இணைப்புகள் விரிசல் விடுகின்றன. எனவே கார்டின் வயதைக் காட்டிலும் அதைக் கழற்றிய விதம் முக்கியம். ராக், மதர்போர்டு, ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாகக் கழற்றி விற்பவரிடம் கிடைக்கும் கார்டு, மூட்டையிலிருந்து பொறுக்கி எடுத்த கார்டைவிட எப்போதும் மேல். செய்தித்தாளில் சுற்றி வரும் கார்டை எடுத்தவுடன் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆன்டிஸ்டேட்டிக் பை வாங்காதவர் மற்றதையும் கவனித்திருக்க மாட்டார்.

வாங்குவதற்கு முன்: கார்டுதான் குற்றவாளியா?

ஸ்டீரிங்கில் கோளாறு என்றதும் கார்டு மீது பழி போடுவது வழக்கம். கார்டு ஆர்டர் செய்து, வந்து, மாட்டி, அதே கோளாறு தொடர்ந்தால் பணமும் நாளும் வீண். சாலினாய்டு வால்வு வகை எலக்ட்ரோ ஹைட்ராலிக் ஸ்டீரிங்கில் இந்த வரிசையில் பாருங்கள்.

ஸ்டீரிங் ஃப்ளாட்டில் சாலினாய்டு வால்வின் பின்னை கையால் அழுத்துங்கள். சுக்கான் இரு பக்கமும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் பம்பும் ஹைட்ராலிக்கும் சரி. அடுத்து பிரிட்ஜில் நான்-ஃபாலோ அப் லீவரைத் தள்ளுங்கள் (பிடித்திருக்கும் வரை சுக்கான் நகரும், விட்டால் நிற்கும்). அதில் வேலை செய்து, வீல் மூலம் ஃபாலோ அப்பில் (வீல் காட்டும் கோணத்துக்குச் சுக்கான் தானே போய் நிற்கும் முறை) மட்டும் தகராறு என்றால் காயிலும் அதற்குப் போகும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. மிச்சமிருப்பது மூன்று: வீலின் பொட்டென்ஷியோமீட்டர், சர்வோ ஆம்ப்ளிஃபயர் கார்டு, சுக்கான் தண்டோடு லிங்க் போட்ட ஃபீட்பேக் யூனிட்.

இதில் பெரும்பாலும் மாட்டுவது ஃபீட்பேக் யூனிட். நடுக்கடலில் சுக்கான் பெரும்பாலான நேரம் பூஜ்யத்துக்கு இருபுறமும் ஐந்து டிகிரிக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் ட்ராக் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் தேய்ந்து போகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள்: 35 டிகிரிக்கு 10 வோல்ட் என்று அமைத்த சிஸ்டத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.29 வோல்ட். தேய்ந்த இடத்தில் வைப்பர் (ட்ராக்கின் மேல் நகரும் தொடுமுனை) 0.3 வோல்ட் குதித்தாலே கார்டின் கண்ணுக்கு சுக்கான் ஒரு டிகிரி நகர்ந்ததாகத் தெரியும். டெட்பேண்ட் (கார்டு கண்டுகொள்ளாமல் விடும் வித்தியாசம்) அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரைதான் வைத்திருப்பார்கள். அதனால் சுக்கான் நடுவில் நிற்காமல் இங்கும் அங்கும் அலையும். கார்டில் கெயினை (பெருக்க அளவை) குறைத்தும் டெட்பேண்டைக் கூட்டியும் இதை மறைப்பவர்கள் உண்டு. அது ஆட்டோபைலட்டின் துல்லியத்தைக் கெடுக்கும், கோளாறு அங்கேயே இருக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் லிங்கைக் கழற்றி, பழைய முள் மீட்டரையோ ஆஸிலோஸ்கோப்பையோ வைப்பரில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். முள் துள்ளினால் விடை கிடைத்துவிட்டது. டிஜிட்டல் மீட்டர் இந்தத் துள்ளலைக் காட்டாமல் விட்டுவிடும். பழைய பொட்டென்ஷியோமீட்டரை வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்: அலங்கில் கிடைப்பதும் அதே நடு இடத்தில் இருபது ஆண்டு தேய்ந்ததாகவே இருக்கும். கண்டக்டிவ் பிளாஸ்டிக் ட்ராக் உள்ள புதியதை, அதே ஓம் மதிப்பில், அதே மின்சுழற்சிக் கோணத்தில் வாங்குங்கள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. பிரிட்ஜில் காட்டும் சுக்கான் கோணக் காட்டி, ஸ்டீரிங் கண்ட்ரோலிலிருந்து தனித்து இயங்க வேண்டும் என்பது சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. அதற்கென்று தனி ட்ரான்ஸ்மிட்டர் உண்டு. வீலில் ஸ்டார்போர்டு (வலப்பக்கம்) 10 கொடுத்தால் காட்டியிலும் சுக்கான் தண்டின் அளவுகோலிலும் 7 என்று ஒரே எண் நின்றால், ஃபீட்பேக் லிங்கோ அளவீடோ பிசகியிருக்கிறது. தண்டில் 10, காட்டியில் 7 என்றால் ஸ்டீரிங் கார்டை விட்டுவிட்டுக் காட்டியைப் பாருங்கள்.

கப்பலில் இரட்டையாக இருக்கும் ஸ்டீரிங் கண்ட்ரோல், அதாவது சிஸ்டம் 1, சிஸ்டம் 2 இரண்டிலும் ஒரே வகைக் கார்டுதான் என்றால் மாற்றிப் போட்டு, கோளாறு கார்டோடு போகிறதா என்று பார்க்கும் வழக்கம் நல்லதே. ஆனால் துறைமுகத்தில் மட்டும், அதுவும் காயிலை அளந்த பிறகு மட்டும். 24 வோல்ட், 30 வாட் டிசி காயில் என்றால் குளிர்ந்த நிலையில் சுமார் 19 ஓம் வர வேண்டும். 5 ஓம் காட்டினால் உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருக்கிறது. அதுதான் முதல் கார்டின் டிரான்ஸிஸ்டரைக் கொன்றிருக்கும். அளக்காமல் மாற்றிப் போட்டால் இரண்டாவது கார்டும் போய், கப்பலில் ஒரு ஃபாலோ அப்பும் மிஞ்சாது. காயிலுக்கு குறுக்கே உள்ள டயோடையும் பார்த்துவிடுங்கள். அது திறந்துபோனால் ஒவ்வொரு முறை காயில் அணையும்போதும் எழும் எதிர் மின்னழுத்தம் டிரைவர் டிரான்ஸிஸ்டரைத் தாக்கும். டிரான்ஸிஸ்டர் ஷார்ட்டாகவே போனால் காயில் எப்போதும் இழுத்தபடி நின்று, சுக்கான் ஒரு பக்கம் முழுவதும் ஓடிவிடும். ஸ்டீரிங் கார்டில் வரக்கூடிய மிக ஆபத்தான பழுது அது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

மாடல் பெயர் மட்டும் போதாது. கார்டின் இரு பக்கமும் தெளிவான படம், பார்ட் எண், அதன் கடைசியில் வரும் திருத்த எழுத்து, ஜம்பர், டிப் ஸ்விட்ச் நிலைகள், ஈப்ராம் (ப்ரோகிராம் எழுதிய மெமரி சிப்) லேபிள் எல்லாம் வேண்டும். ஒரே பார்ட் எண்ணில் ஒரு கார்டு 24 வோல்ட் டிசி காயிலுக்கும் இன்னொன்று 110 வோல்ட் ஏசி காயிலுக்கும் இருப்பதைப் படத்தை வைத்தே பிடித்துவிடலாம்: முதலாவதில் டிரான்ஸிஸ்டர், இரண்டாவதில் ட்ரையாக் (ஏசி மின்சாரத்துக்கான ஸ்விட்ச் பாகம்).

ஐசிகளின் மேல் நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இருக்கும். 9634 என்றால் 1996இன் 34ஆம் வாரம். எல்லா ஐசியும் 96, 97 என்று இருக்க ஒன்று மட்டும் 08 என்றிருந்தால் அங்கே பழுது பார்த்திருக்கிறார்கள். அது தவறில்லை, என்ன பழுது என்று கேளுங்கள். பதில் சொல்பவரை நம்பலாம். ஐசியின் முகத்தைத் தேய்த்து எண்ணை அழித்திருந்தாலும், கார்டு முழுக்கப் புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளத்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். அந்த வார்னிஷுக்குக் கீழே உப்பு இருந்தால் அது உள்ளேயே சிறைப்பட்டு ட்ராக்கை அரிக்கும்.

‘டெஸ்டட் ஓகே’ என்ற ஸ்டிக்கரைப் பெரும்பாலான கடைகள் ஒட்டித்தான் அனுப்புகின்றன. பலருக்கு டெஸ்ட் என்றால் 24 வோல்ட் கொடுத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மட்டுமே. உண்மையான காயில் சுமையோடு எடுத்த வீடியோ கேளுங்கள். திருப்பி எடுக்கும் காலத்தை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் அடுத்த துறைமுகம் சேரும் நாளை மனதில் வைத்து அந்தக் காலத்தைப் பேச வேண்டும். வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் என்றால் கப்பலுக்கு அது பயனில்லை.

மேசையில் சோதிப்பது

இந்த வேலைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கரண்ட் அளவைக் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை, இரண்டு 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு நிஜ சாலினாய்டு காயில், மீட்டர், முடிந்தால் ஆஸிலோஸ்கோப்.

கனெக்டர் விரல்களை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், தங்கப்பூச்சு போய்விடும். ரிலே, ட்ரான்ஸ்ஃபார்மர், கனெக்டர் போன்ற கனமான பாகங்களின் கால்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சோல்டரில் வளையம் போல ஒரு மெல்லிய விரிசல் தெரிந்தால் அது ஸ்டீரிங் ஃப்ளாட்டின் அதிர்வு தந்தது. புரொப்பல்லருக்கு நேர் மேலே அந்தக் கார்டு வருடக்கணக்கில் குலுங்கியிருக்கிறது. பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பழையதன் மேலேயே பூசினால் மறுபடி விரியும்.

நீண்ட நாள் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு உடனே முழு வோல்ட் கொடுக்காதீர்கள். ஏசி உள்ளீடு என்றால் வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) மூலம் கால் பங்காக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நிறுத்துங்கள். ரெகுலேட்டர்களின் வெளியீட்டில் +15, -15 வோல்ட் இரண்டும் சமமாக வர வேண்டும். ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் கெப்பாசிட்டர் மாற்றும் நேரம். உண்மையில் பழைய பவர் சப்ளை கார்டு வாங்கினால் அளக்காமலேயே எல்லா எலக்ட்ரோலிட்டிக்கையும் மாற்றிவிடுவதுதான் என் பரிந்துரை. 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது கெப்பாசிட்டர்களின் பொதுக்கணக்கு. 85 டிகிரி, 2000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் 55 டிகிரி பெட்டிக்குள் சுமார் 16,000 மணி நேரம் தாங்கும், அதாவது தொடர்ந்து ஓடினால் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. 105 டிகிரி, 5000 மணி நேரம் உள்ளது அதே பெட்டியில் 1,60,000 மணி நேரம். விலை வித்தியாசமோ சில ரூபாய். ரிலே, டயோடு, ட்ரிம்மர் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். கெப்பாசிட்டரையும் ரெகுலேட்டரையும் மட்டும் பெயர் தெரிந்த விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள். போலிகள் அதிகம் புழங்கும் பாகங்கள் அவை.

இப்போது ஒரு பொட்டென்ஷியோமீட்டரை வீலாகவும் மற்றதை ஃபீட்பேக்காகவும் இணையுங்கள். இரண்டும் நடுவில் இருந்தால் இரு வெளியீடும் அணைந்திருக்க வேண்டும். வீலை போர்ட் (இட) பக்கம் திருப்பினால் போர்ட் காயில் இழுக்க வேண்டும். ஃபீட்பேக்கைத் திருப்பிக்கொண்டே வந்தால் சமமான இடத்துக்குச் சற்று முன் விட வேண்டும். விடும் இடமும் மீண்டும் இழுக்கும் இடமும் இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று வோல்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சுமைக்கு எல்இடி போதாது. காயில் 1.25 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அரிபட்ட ரிலே முனைகளும் தளர்ந்த சோல்டரும் வெளிப்படும். ரெசிஸ்டரும் முழு பதிலீடு ஆகாது, அதில் எதிர் மின்னழுத்தம் எழாது.

இந்நிலையில் சூடான காற்றைக் காட்டி கார்டை 55 டிகிரிக்குக் கொண்டுவந்து சில மணி நேரம் ஓட்டுங்கள். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு: கப்பல் எலக்ட்ரானிக்ஸுக்கான ஐஏசிஎஸ் (கிளாஸ் அமைப்புகளின் சர்வதேசச் சங்கம்) வகைச் சோதனையில் உலர் வெப்பம் 55 டிகிரியில் 16 மணி நேரம். அதே சோதனைத் தொகுப்பில் 13.2 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை 0.7 ஜி அதிர்வும் வருகிறது. அதிர்வு மேசை நம்மிடம் இருக்காது. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் கார்டை மெல்லத் தட்டிக்கொண்டே வெளியீட்டைப் பாருங்கள். காயில் ஒருமுறை கிளிக் என்று விட்டுப் பிடித்தாலும் அந்தக் கார்டு கப்பலுக்கு ஆகாது.

கடைசியாக ஃபீட்பேக் வைப்பர் வயரைக் கழற்றுங்கள். கார்டு அலாரம் கொடுத்து வெளியீட்டை நிறுத்துகிறதா, அல்லது ஒரு பக்கக் காயிலை விடாமல் பிடித்துக்கொள்கிறதா? பழைய அனலாக் கார்டுகள் பல இரண்டாவது வகை. கமாண்ட், ஃபீட்பேக் வயர் அறுவதைக் கண்டுபிடித்து எச்சரிக்க வேண்டும் என்பது பிற்கால விதிகளில்தான் தெளிவாக வந்தது. உங்கள் கப்பலில் ஏற்கெனவே இருந்தது எந்த வகையோ அதே வகைதான் மாற்றாகவும் வர வேண்டும்.

சிபியு கார்டு பற்றி: பழைய ஈப்ராம்களில் எழுதியது என்றென்றும் நிற்காது. சிப்பின் ஜன்னலை மூடிய ஸ்டிக்கர் உரிந்து வெளிச்சம் பட்டிருந்தால் இன்னும் சந்தேகம். ரீடரில் படித்து, ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் செக்சம்மோடு (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் கூட்டெண்) ஒப்பிட முடிந்தால் மட்டும் வாங்குங்கள். கப்பலின் அளவு, சுக்கான் வேகம், பம்ப் எண்ணிக்கை எல்லாம் சில மாடல்களில் மெமரியில் அமைப்பாக இருக்கும். வேறு கப்பலின் அமைப்போடு வரும் கார்டு வேலை செய்வதுபோலவே தோன்றித் தவறாக நடக்கும்.

மாட்டும்போது

துறைமுகத்தில் அல்லது நங்கூரத்தில், இரு பம்பும் நிறுத்தி, பிரேக்கர் எடுத்து, பிரிட்ஜுக்குச் சொல்லிவிட்டுத்தான். பழைய கார்டின் படம் எடுங்கள். ட்ரிம்மர்களின் நிலையைப் படத்தை நம்பிப் பிரதி செய்ய முடியாது, 25 சுற்றுப் போகும் ட்ரிம்மருக்கு வெளியே அடையாளம் எதுவும் இல்லை. டெஸ்ட் பாயிண்ட் வோல்ட்டைக் குறித்து அதையே புதியதில் கொண்டுவாருங்கள். முதலில் நல் (பூஜ்ய நிலை), பிறகு கெயின், கடைசியில் லிமிட் (இறுதிக் கோணம்).

வயரைத் திரும்ப மாட்டியபின் ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பலில், மின்சாரம் போனதற்கு மூலமாக அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது ஒரு தளர்ந்த சிக்னல் வயர். அதன் லேபிள் பட்டை, வயரை டெர்மினலுக்குள் முழுதாக நுழையவிடவில்லை. எண் எழுதிய ஸ்லீவைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மாட்ட ஒரு நொடி போதும்.

ஸ்டீரிங் ஃப்ளாட்டில் ஒருவர், பிரிட்ஜில் ஒருவர், நடுவே நம்பகமான போன். முதலில் லோக்கல் கண்ட்ரோலில் நகர்த்துங்கள். பிறகு ஒரே பம்ப், ஒரே சிஸ்டம், 5 டிகிரி. வீல் சொன்ன பக்கமே போகிறதா என்று தண்டின் அளவுகோலில் பார்த்த பிறகே 10, 20, 35. ஃபீட்பேக் முனைகள் இடம் மாறியிருந்தால் சுக்கான் சரியான பக்கம் கிளம்பி நிற்காமல் ஓடும்; அப்போது பம்பை நிறுத்த ஃப்ளாட்டில் இருப்பவரின் கை பொத்தானிலேயே இருக்க வேண்டும். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரி வரை 28 வினாடிக்குள் என்பது சோலாஸ் அளவு, முழு இழுவை ஆழத்தில் முழு வேகத்தில். நின்ற கப்பலில் அதைவிட எளிதாக வர வேண்டும். வராவிட்டால் கார்டைத் திருகாதீர்கள், பம்பையும் ரிலீஃப் வால்வையும் பாருங்கள். திசை வால்வு வகையில் வேகத்தை முடிவு செய்வது கார்டு இல்லை. மோட் மாற்றம், ஓவர்ரைடு (ஆட்டோபைலட்டை மீறிக் கையால் இயக்குவது), கண்ட்ரோல் பவர் போன அலாரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். புறப்படுவதற்கு 12 மணி நேரத்துக்குள் செய்யும் வழக்கமான சோதனை இதற்கு ஈடாகாது.

ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்: இரண்டு சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் பழைய சந்தைக் கார்டு ஓடக்கூடாது. ஒன்றிலாவது வரலாறு தெரிந்த கார்டு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உடைந்த கப்பலிலிருந்து, ஒரே ஈரத்தில் ஊறி வந்திருந்தால் இரண்டும் ஒரே மாதத்தில் போக வாய்ப்பு உண்டு. இரட்டை சிஸ்டம் வைத்ததன் பயனே போய்விடும்.

கம்பெனி சூப்பரின்டென்டென்ட்டுக்கும் கிளாஸுக்கும் முன்பே தெரிவியுங்கள். ஐஎஸ்எம் (கப்பலின் பாதுகாப்பு மேலாண்மைக்கான சர்வதேச விதித்தொகுப்பு) முறையில் ஸ்டீரிங் முக்கியக் கருவி. அதில் எந்தக் கார்டு, எந்தத் திருத்தம், எங்கிருந்து வந்தது, என்ன சோதனை என்பது பராமரிப்புப் பதிவில் இருந்தால் துறைமுக ஆய்வாளரின் கேள்விக்கு நிம்மதியாகப் பதில் சொல்லலாம்.

கழற்றிய பழுதான கார்டைக் குப்பையில் போடாதீர்கள். என்ன அறிகுறி, எந்த நிலையில், எந்த பம்பில் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, ஆன்டிஸ்டேட்டிக் பையில் கரைப் பட்டறைக்கு அனுப்புங்கள். சொந்தக் கப்பலின் அமைப்பும் வரலாறும் அதில்தான் இருக்கிறது. ஒரு டிரான்ஸிஸ்டரும் நான்கு கெப்பாசிட்டரும் மாற்றி அது திரும்பி வந்தால், அலங் கார்டை ஸ்பேர் அலமாரிக்கு மாற்றிவிட்டு அதையே மீண்டும் ராக்கில் போடலாம்.